வீட்டிலேயே கிளட்ச் லைனில் ஏர் எடுப்பது எப்படி?

கிளட்ச் பெடலை மிதித்தால் பாதி தூரம் வரை காலுக்கு எதிர்ப்பே தெரியவில்லை, தரையை ஒட்டும்போதுதான் ஏதோ பிடிக்கிறது. முதல் கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று சத்தம். இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்து மிதித்து விட்டால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சரியாகிறது. இவையெல்லாம் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் கிளட்ச் லைனுக்குள், அதாவது பெடலின் அழுத்தத்தைக் கியர்பாக்ஸ் வரை கொண்டுபோகும் ஆயில் குழாய்க்குள், காற்று புகுந்திருக்கிறது. அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்கணும்’ என்பார்கள்.

காரில் கை வைத்துப் பழக நினைக்கிறவருக்கு இது நல்ல முதல் வேலை என்பது என் கட்சி. பிரேக்கில் ஏர் எடுப்பதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஆனால் அங்கே நான்கு சக்கரங்களிலும் நிப்பிள்கள் (காற்றை வெளியேவிடத் திறக்கும், துளையுள்ள சின்னத் திருகுகள்) உண்டு, வரிசை பார்க்க வேண்டும், தப்பாகப் போனால் வண்டி நிற்காது. கிளட்ச்சில் பெரும்பாலும் ஒரே ஒரு நிப்பிள். தப்பாகப் போனால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். செலவு ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் ஒரு முழம் டியூபும். முதல் தடவை செய்கிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை முழுசாக ஒதுக்கிக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூடிய லைனுக்குள் காற்று சும்மா வந்துவிடாது. எங்கேயோ ஆயில் வெளியே போயிருக்கும், இல்லையென்றால் யாராவது லைனைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். காரணத்தைத் தேடாமல் ஏர் மட்டும் எடுத்தால் கொஞ்ச நாளில் மறுபடியும் அதே ஸ்பேனரோடு அதே இடத்தில் படுத்திருப்பீர்கள்.

உங்கள் வண்டியில் எந்த வகை?

மாருதி 800, ஆல்ட்டோ மாதிரி வண்டிகளில் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது கேபிள். அதில் ஆயிலும் கிடையாது, ஏரும் கிடையாது. கேபிள் தளர்ந்தால் நட்டைத் திருகி அட்ஜஸ்ட் செய்வார்கள், நார் பிரிந்தால் புதிது போடுவார்கள். அந்த வண்டிக்காரர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும். டிரைவரின் காலுக்கு நேர் எதிரே, எஞ்சின் அறையின் பின்சுவரைப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் அது வலது பக்கம். பிரேக் பூஸ்டர் என்கிற பெரிய கறுப்பு வட்ட டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர் சுவரில் போல்ட் போட்டு நிற்கும். அதுதான் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய், நடுவில் ஒரு ரப்பர் ஹோஸாக மாறி, கியர்பாக்ஸ் வரை போகும். அந்த முனையில் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர்.

ஸ்லேவ் இரண்டு விதம். கியர்பாக்ஸுக்கு வெளியே இரண்டு போல்ட்டில் மாட்டி, ஒரு தண்டால் ஃபோர்க்கை, அதாவது கிளட்ச்சைப் பிரிக்கும் நெம்புகோலை, தள்ளுகிற வகை ஒன்று. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், கழற்றுவதும் சுலபம். இன்னொன்று, கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையம் மாதிரி உட்கார்ந்து, கிளட்ச்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்கை நேரடியாகத் தள்ளுகிற வகை. ஃபோர்டு ஃபிகோவில் இருப்பது இதுதான். இதில் சிலிண்டர் உள்ளே இருந்தாலும் நிப்பிள், குழாய் நுழைகிற இடத்தில் வெளியே இருக்கும். சில வண்டிகளில் நிப்பிளே இருக்காது. குழாயின் இணைப்பில் இருக்கும் கம்பி கிளிப்பை இழுத்து, குழாயை ஒரு படி மட்டும் வெளியே நகர்த்தினால் ஆயில் வழியும் அமைப்பாக இருக்கும். அந்தக் கிளிப்பைப் பலமாக இழுத்துக் குழாயை முழுசாகப் பிடுங்கிவிடாதீர்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கை வைப்பது உத்தமம்.

அடுத்து, ஆயில் குப்பி. சில வண்டிகளில் கிளட்ச்சுக்குத் தனியாகச் சின்னக் குப்பி இருக்கும். பலவற்றில் பிரேக் குப்பியிலிருந்தே ஒரு ஹோஸ் பிரிந்து கிளட்ச் மாஸ்டருக்கு வரும். பொதுக்குப்பியாக இருந்தால் அந்த ஹோஸ் குப்பியின் மேல் பாதியிலிருந்து கிளம்புவதைக் கவனித்துப் பாருங்கள். கிளட்ச் பக்கம் கசிந்து மட்டம் இறங்கினாலும் பிரேக்குக்கு வேண்டிய ஆயில் அடியில் தங்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே பொதுக்குப்பி உள்ள வண்டியில் கிளட்ச் மட்டும் விழுந்து பிரேக் நன்றாக இருக்கிறதென்றால், முதலில் குப்பியின் மட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் காற்றுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது. பெடலில் நீங்கள் தள்ளுகிற அளவு அப்படியே மறுமுனையில் வந்து சேரும். காற்று சுருங்கும். மாஸ்டரின் பிஸ்டன் ஒரு தடவைக்குத் தள்ளுகிற ஆயில் சில மில்லிலிட்டர்தான். மறுமுனையில் ஸ்லேவ் தண்டு நகர வேண்டிய தூரமும் பெரும்பாலான கார்களில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். இந்தச் சின்னக் கணக்கில் ஒரு குமிழி புகுந்து கொஞ்சத்தை விழுங்கிவிட்டாலே கிளட்ச் பிளேட் முழுசாகப் பிரியாது. பாதி பிரிந்த நிலையில் கியர் போட்டால் கர்ரென்று கத்தாமல் என்ன செய்யும்? வேகமாகப் பம்ப் செய்யும்போது, ஸ்லேவ் திரும்பி வருவதற்குள் மாஸ்டர் குப்பியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயிலை இழுத்து லைனுக்குள் திணிக்கிறது, அதனால் தற்காலிகமாகச் சரியாகிறது.

எல்லாக் கிளட்ச் தொல்லையும் காற்றால் வருவதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் அது பிளேட் தேய்ந்து வழுக்குகிற கேஸ். ஏர் எடுத்து ஒன்றும் ஆகாது. பெடல் கல் மாதிரி கனக்கிறது என்றால், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் சண்டை போடுகிறதென்றால் அது கியர்பாக்ஸ் விவகாரம். சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கும்போது வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்க்கிறதா, பெடல் தானாகக் கீழே இறங்குகிறதா? அப்படியென்றால் சிலிண்டரின் ரப்பர் சீல் போய்விட்டது. பெரும்பாலும் மாஸ்டர்தான்.

கசிவைத் தேடுதல்

சோம்பல்பட்டு இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

காருக்குள்ளிருந்து தொடங்குங்கள். டிரைவர் பக்கத்து ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டு, டார்ச் அடித்து, கிளட்ச் பெடலின் தண்டு சுவருக்குள் நுழைகிற இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஈரம் இருந்தால் மாஸ்டரின் பின் சீல் கசிகிறது. கார்ப்பெட் நனைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தக் கசிவு எஞ்சின் பக்கம் எட்டிப் பார்த்தால் தெரியாது, அதனால்தான் பல பேருக்கு ஆயில் எங்கே போகிறது என்று புரிவதில்லை.

அப்புறம் வெளி ஸ்லேவ். அதன் முன்முனையில் ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி வழிந்தால் ஸ்லேவ் முடிந்தது. உள்வகை ஸ்லேவ் கசிந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தின் அடியில் சொட்டும். அங்கே எஞ்சின் ஆயில், கியர் ஆயில்கூடச் சொட்டலாம். எது எது என்று தெரியவில்லையா? சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், மற்ற இரண்டும் மேலே மிதக்கும்.

ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது ஹோஸ் உப்புவது விரலுக்குத் தெரிந்தால் அதை மாற்ற வேண்டும். உப்புகிற ஹோஸும் காற்று இருப்பது போன்ற அதே தொளதொளப்பைத்தான் காலுக்குக் கொடுக்கும்.

எங்கும் ஈரமில்லை, அண்மையில் யாரோ கிளட்ச் வேலை பார்த்தார்கள் அல்லது குப்பியில் மட்டம் இறங்கியிருந்தது என்றால் பயமில்லாமல் ஏர் எடுக்கலாம். கசிவு கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் அந்தச் சிலிண்டர். மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் சில வண்டிகளில் ரிப்பேர் கிட் கிடைக்கும். ஆனால் சிலிண்டரின் உள்சுவரில் கோடு விழுந்திருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். முழு சிலிண்டராக வாங்கிவிடுவதே மேல்.

எந்த ஆயில்?

கடையில் ‘கிளட்ச் ஆயில்’ என்று கேட்டாலும் கொடுப்பது பிரேக் ஆயில்தான். இரண்டும் ஒன்றே. குப்பியின் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று ஆயிலின் தரம் பொறித்திருக்கும். புது நிலையில் டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4 என்றால் 230. தண்ணீர் ஏறிய நிலையில் இந்தக் குறைந்தபட்ச அளவு முறையே 140, 155 என்று இறங்கிவிடும். டாட் 3 கேட்கிற வண்டியில் டாட் 4 ஊற்றினால் பொதுவாகப் பாதகமில்லை. டாட் 5 வேறு ஜாதி, சிலிக்கான் ஆயில். மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது டாட் 4-இன் உறவுதான்.

எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், கியர் ஆயில் எதையும் ‘அவசரத்துக்கு’ என்று ஊற்றிவிடாதீர்கள். பெட்ரோலிய ஆயில் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துவிடும். ஒரு ஸ்பூன் ஆயிலால் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றும் நிலை வரும். பொதுக்குப்பி வண்டி என்றால் பிரேக்கும் சேர்ந்து போகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால் பழைய வேலையில் மிச்சமாகி, அலமாரியில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய அரை பாட்டிலை இதற்கு எடுக்காதீர்கள். சீல் பிரிக்காத 500 மி.லி. பாட்டில் ஒன்று போதும், நிறையவே மிஞ்சும். உள்ளே பழைய ஆயில் கறுப்பாக வந்தால் திகைக்க வேண்டாம். ரப்பர் தேய்ந்த துகள்தான் அது. சின்னக் குப்பியில் ஓரிரண்டு வருஷத்திலேயே அப்படி ஆகிவிடும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் முதல் தேவை. பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ., சிலவற்றில் 11. திறந்த வாய் ஸ்பேனரோ கட்டிங் பிளேயரோ வேண்டாம். நிப்பிள் உள்ளே துளையுள்ள மெல்லிய சாமான். அதன் மூலைகள் உருண்டுவிட்டால் அரை மணி வேலை அரை நாள் வேலையாகிவிடும். நிப்பிளில் இறுக்கமாக ஏறுகிற, உள்ளே குமிழி தெரிகிற, கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஒரு முழத்துக்கு மேல் வேண்டும். மீன் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் போடும் டியூபைக் கொஞ்சம் வெந்நீரில் காட்டினால் ஏறிக்கொள்ளும். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்ச், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, துடைக்கத் துணி. பனியன் வேஸ்ட் எல்லா வேலைக்கும் சரி, குப்பியின் வாயைத் துடைக்க மட்டும் வேண்டாம், நூல் உதிரும். அதற்கு நல்ல பருத்தித் துணி. பக்கத்திலேயே ஒரு வாளி தண்ணீர் கட்டாயம் வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்ட்டை அரிக்கும், சொட்டு விழுந்தால் துடைக்க வேண்டாம், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஃபெண்டர் மேல் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டுத் தொடங்கினால் நிம்மதி.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பல முன்சக்கர இயக்க வண்டிகளில் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றினாலே மேலிருந்து நிப்பிளுக்குக் கை எட்டும். எட்டினால் வண்டியைத் தூக்கவே வேண்டாம். அடியில் போயே ஆக வேண்டுமென்றால் ஜாக்கியில் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, வண்டியை ஒருமுறை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கிப் படுக்கவே கூடாது. அவை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும்.

வேலை

குப்பியைச் சுற்றியுள்ள தூசியை மூடியைத் திறப்பதற்கு முன்பே துடையுங்கள். திறந்ததும் பழைய ஆயிலைச் சிரிஞ்ச்சால் உறிஞ்சி எடுங்கள். கிளட்ச்சுக்கான தனிக்குப்பி என்றால் அடி வரை எடுக்கலாம். பொதுக்குப்பி என்றால் கிளட்ச் ஹோஸின் வாய்க்கும் கீழே இறக்காதீர்கள், பிரேக் பக்கம் காற்றை விட்டுவிட்டால் வேலை நாலு மடங்காகும். புது ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி, மூடியைச் சும்மா மேலே வையுங்கள், இறுக்க வேண்டாம்.

நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, சுற்றிலும் துடையுங்கள். துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைப்பது நல்லது. முதலில் ஸ்பேனரை மாட்டி, அப்புறம் டியூபை மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் டியூபைக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். டியூபின் மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். தப்பித்தவறிப் பெடல் முன்கூட்டியே எழுந்துவிட்டால் காற்றுக்குப் பதில் ஆயில் உள்ளே திரும்பும், அதற்காகத்தான். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கிப் போய் அப்புறம் கீழே இறங்கும்படி வளைத்தால் குமிழி தெளிவாகத் தெரியும்.

இப்போது உள்ளே ஒருவர் வேண்டும். வீட்டில் யாராக இருந்தாலும் சரி, கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சொன்னபடி செய்தால் போதும். அவரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, நிப்பிளைத் திறந்ததும் பெடல் திடீரென்று தரைக்கு இறங்கும், பதறிக் காலை எடுக்கக் கூடாது. இரண்டு, நீங்கள் ‘விடு’ என்று சொல்லும் வரை கால் பெடலிலேயே இருக்க வேண்டும்.

வரிசை இதுதான். நீங்கள் ‘மிதி’ என்றதும் அவர் நிதானமாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, ‘மிதிச்சாச்சு’ என்பார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று, மிஞ்சிப்போனால் அரைச் சுற்று திறப்பீர்கள். ஆயிலும் குமிழியும் டியூபில் ஓடும், பெடல் அடிக்குப் போகும். ஓட்டம் நிற்பதற்குள் நிப்பிளை மூடுவீர்கள். மூடிய பிறகுதான் ‘விடு’. திறந்த நிப்பிளோடு பெடலை விட்டால் தள்ளிய காற்று அப்படியே திரும்பி வந்துவிடும். முதல் தடவை செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த ஓரிடத்தில்தான்.

லைனில் அழுத்தம் இல்லாதபோது கிளட்ச் பெடல் பிரேக் பெடல் மாதிரி தானாக மேலே வராமல் தரையிலேயே கிடக்கலாம். அது கோளாறு இல்லை. உதவியாளர் பாதத்தை அடியில் கொடுத்தோ கையாலோ முழுசாக மேலே இழுத்துவிட வேண்டும். பாதியில் விட்டால் மாஸ்டருக்குள் புது ஆயில் இறங்காது. மேலே இழுத்து, இரண்டு மூன்று நொடி பொறுத்து, மறுபடி ‘மிதி’. அவசரமாகப் பம்ப் செய்தால் உள்ளே இருக்கும் பெரிய குமிழி பல சின்னக் குமிழிகளாக நுரைத்துவிடும், அவற்றை வெளியே கொண்டுவருவது இரட்டிப்பு வேலை.

நாலைந்து தடவைக்கு ஒருமுறை குப்பியைப் பாருங்கள். மட்டம் அடியைத் தொட்டு ஒரு வாய்க் காற்றை உறிஞ்சிவிட்டால் மொத்தமும் ஆரம்பத்திலிருந்து. டியூபில் கறுப்பு போய், தேன் நிறமும் போய், பாட்டிலில் வாங்கின அதே தெளிவில், குமிழியே இல்லாமல் தொடர்ந்து ஐந்தாறு தடவை வந்தால் முடிந்தது. சாதாரணமாக 10 முதல் 20 தடவைக்குள் அந்த நிலை வந்துவிடும். பெடல் பிரேக் மாதிரி கெட்டியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலே கொஞ்சம் ஆட்டம், அப்புறம் சீரான எதிர்ப்பு, அவ்வளவுதான் அதன் குணம். அந்த மேல் ஆட்டத்தையும் தண்டைத் திருகி இல்லாமல் செய்துவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் மாஸ்டரிலிருந்து குப்பிக்குப் போகும் சின்னத் துளை மூடியே இருக்கும், லைன் எப்போதும் அழுத்தத்தில் நின்று கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

நிப்பிளை இறுக்கும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். சின்ன ஸ்பேனரை இரண்டு மூன்று விரலால் இழுக்கிற அளவு போதும். கழுவி, உலர்த்தி, ரப்பர் தொப்பியை மறக்காமல் மாட்டுங்கள்.

இத்தனை செய்தும் பெடல் தொளதொளவென்று இருந்தால்

வெளி ஸ்லேவ் என்றால் காற்று பெரும்பாலும் அதற்குள்தான் பதுங்கியிருக்கும். அது மாட்டியிருக்கும் சாய்வில் நிப்பிள் உச்சியில் இல்லையென்றால், எவ்வளவு ஆயில் தள்ளினாலும் குமிழி மேல் மூலையில் உட்கார்ந்தே இருக்கும். குழாயைக் கழற்றாமல், ஸ்லேவின் இரண்டு போல்ட்டை மட்டும் எடுத்து, குழாய் சேருகிற இடம் உச்சியில் வரும்படி பிடியுங்கள். தண்டைக் கட்டைவிரலால் மெல்ல மெல்ல முழுசாக உள்ளே அழுத்துங்கள். காற்று லைன் வழியாகக் குப்பிக்குப் போய் கொப்புளமாக வெடிப்பதைப் பார்க்கலாம். குப்பி நிரம்பி வழியாமல் முதலில் கொஞ்சம் ஆயிலை எடுத்துவிடுங்கள். விரலை விட்டால் தண்டு மெல்ல வெளியே வரும், மறுபடி அழுத்துங்கள். ஸ்லேவ் கையில் இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும், ஆயிலும் உங்கள் முகத்தில்தான்.

மாஸ்டருக்குள் காற்று இருந்தால், பெடல் நகரும் தூரத்தில் மேல்பக்க இரண்டு மூன்று சென்டிமீட்டரில் மட்டும் கையால் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொடுங்கள். குப்பியில் நுண் குமிழிகள் எழும். அவை நிற்கும் வரை தொடரலாம்.

பெடலை அமுக்கிக் கட்டை கொடுத்து இரவு முழுக்க விட்டால் காற்று தானாகப் போய்விடும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மிதித்த நிலையில் குப்பிக்குப் போகும் துளை மூடியிருக்கிறது, காற்று எந்த வழியாக மேலே போகும்?

துணைக்கு ஆள் இல்லையென்றால்

எளியது, தானாக வடிய விடுவது. குப்பியை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, டியூபோடு நிப்பிளைத் திறந்துவிட்டால் போதும். குப்பி உயரத்தில் இருப்பதால் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி, காற்றையும் தள்ளிக்கொண்டு வரும். 10, 15 நிமிஷம் குப்பியில் மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். அந்த நேரத்தில் போனை எடுத்தீர்களோ, குப்பி காலி. கொஞ்சமாகக் காற்று இருந்தால் இது வேலை செய்யும், நிறைய இருந்தால் செய்யாது.

நான் அதிகம் நம்புவது கீழிருந்து மேலே தள்ளும் முறையை. காற்று இயல்பாகவே மேலே போகப் பார்க்கும், நாம் அதன் போக்கிலேயே விடுகிறோம். சிரிஞ்ச்சில் புது ஆயிலை நிரப்பி, டியூப் நுனி வரை ஆயில் வந்து காற்று போகும்படி அழுத்தி, நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் திறந்து, மெதுவாகத் தள்ளுங்கள். குப்பியில் குமிழிகள் வரும். சிரிஞ்ச்சை எடுப்பதற்கு முன் நிப்பிளை மூடுங்கள். இதில் ஒரே சங்கடம், அடியில் தங்கிய அழுக்கும் மேலே ஏறி மாஸ்டருக்குள் போகும். அதனால் பழைய ஆயிலை வழக்கமான வழியில் ஒருமுறை கீழே வடித்துவிட்டு அப்புறம் இதைச் செய்வதுதான் முறை. பொதுக்குப்பி வண்டியில் இந்த முதல் வடிப்பு இன்னும் முக்கியம்.

வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சுகிறவர்கள் டியூபில் நிற்காமல் வரும் சின்னக் குமிழிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று நுழைவது. லைனுக்குள் இருக்கும் காற்று இல்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில், கிளட்ச்சை முழுசாக மிதித்து மூன்று நொடி எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். அப்படியே ஒரு நிமிஷம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் இறங்கவும் கூடாது, வண்டி நகரப் பார்க்கவும் கூடாது. பொதுக்குப்பி வண்டியில் பிரேக் பெடலையும் அழுத்திப் பாருங்கள். அது முன்பைவிடத் தொளதொளப்பாகத் தெரிந்தால் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பிரேக்கிலும் ஏர் எடுத்த பிறகுதான் ஓட்டம்.

குப்பியில் மட்டத்தை மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பிரேக்கில் பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். கிளட்ச்சில் தலைகீழ். பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு ஆயில் குப்பிக்குத் திரும்பும், மட்டம் ஏறும். அதற்கு இடம் வேண்டும். இதனாலேயே கிளட்ச் தனிக்குப்பியில் மட்டம் குறைந்தால், தேய்மானம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. கசிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வடித்த ஆயில் விஷம். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் மேலே பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். மறுபடி வண்டிக்குள் ஊற்றுகிற எண்ணம் மட்டும் வேண்டாம், தெளிவாக இருந்தாலும் சரி.

ஒரு வாரம் தினமும் காலையில் மூடியைத் திறக்காமல் குப்பியின் வெளிப்பக்கத்தில் மட்டத்தைப் பாருங்கள். பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. கோடு அசையவில்லை, பெடலும் மாறவில்லை என்றால் வேலை முடிந்தது. கோடு இறங்கினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் டிரைவர் பக்கத்து மேட்டிலிருந்து தேட ஆரம்பியுங்கள். கோடு அசையாமல் பெடல் மட்டும் மறுபடி இறங்கினால், மாஸ்டருக்குள்ளேயே ஆயில் சீலைத் தாண்டிக் குப்பிக்குத் திரும்புகிறது. அதற்கு எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பலனில்லை, மாஸ்டரை மாற்ற வேண்டியதுதான்.